நாற்பத்தைந்து பல்

கீரப்பாளையம்
மாசி 9, வெள்ளி

குவைத்தில் இருக்கும் மகன் சிலம்பரசனுக்கு, அப்பா உத்திராபதி சொல்லச் சொல்ல எதிர்வீட்டுக் கனிமொழி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. கனிமொழி இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்கிறாள். தனியாக இருக்கும்போது படி.

சம்பா அறுவடை முடிந்தது. உளுந்து இரண்டு இலை விட்டிருக்கிறது.

விஷயம் வண்டிதான். நீ ஆவணி பன்னிரண்டு, புதன்கிழமை விமானம் ஏறினாய். முந்தின ஞாயிறு வண்டியைத் தமீம் அன்சாரி பட்டறையில் சர்வீஸுக்கு விட்டாய். நீ போன மறுநாள் நான் எடுத்தேன், அது என் வண்டியாகவே இல்லை. முன்பெல்லாம் நாலாவது கியர் போட்டால் வாய்க்கால் பாலம் வரை கம்மென்று போகும். இப்போது கத்துகிறது, போகமாட்டேன் என்கிறது. உன் மாமா கோவிந்தசாமி முதலில் பெட்ரோலில் தண்ணீர் என்றார். பிறகு, "மச்சான், வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் ஜாஸ்தி ஓடிட்டீங்க" என்று சிரித்தார்.

தை மாதம் செயினுக்கு எண்ணெய் போடக் கவரைக் கழற்றினேன். பின்னால் இருந்த பல்சக்கரம் பெரிதாகத் தெரிந்தது. சுண்ணாம்பால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து எண்ணினேன். நாற்பத்தைந்து. எனக்கு எழுதத்தான் தெரியாது. முன்பு செயின் செட் மாற்றியபோது அந்தச் சக்கரத்தை மடியில் வைத்து எண்ணியிருக்கிறேன், நாற்பத்திரண்டு.

நேரே பட்டறைக்குப் போய், நாலு பேர் முன்னால், "என் நாப்பத்திரண்ட எவனுக்குடா வித்த?" என்று கேட்டேன். திருடன் என்றும் சொல்லிவிட்டேன். அன்சாரி உள்ளே போய், பேப்பரில் சுற்றி வைத்திருந்த பழைய சக்கரத்தைக் கொண்டுவந்தான். "இருக்கு மாமா, எடுத்துக்குங்க. ஆனா மாத்தாதீங்க" என்றான். திருடினவன் எதற்கு இப்படிப் பத்திரமாக வைத்திருக்கப்போகிறான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிதம்பரத்தில் வேறு கடையில் கொடுத்து மாட்டினேன். செயின் நீளமாக இருக்கிறது என்று இரண்டு கண்ணி எடுத்தார்கள். வண்டி பழையபடி பறந்தது.

செவ்வாயும் சனியும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இடுப்புப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன் இல்லையா? இத்தனை மாதமாகப் பேசிக்கொண்டே வருவாள். சக்கரம் மாற்றிய பிறகு பேச்சில்லை, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தாள். போன செவ்வாய் திரும்பி வரும்போது, பாலத்துக்கு முன்னால் ரோடு பெயர்ந்து கிடக்கிற இடத்தில் மெதுவாகப் போனேன். வண்டி விட்டுவிட்டு இழுத்துத் தூக்கிப் போட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். "நான் நடந்து வரேன், நீங்க அந்தாண்ட போயி நில்லுங்க" என்றாள். தகடு வைத்த இடுப்போடு பாலம் முழுக்க நடந்தாள். ஏன் என்று கேட்டால், காற்று வாங்குகிறாளாம். உச்சி வெயிலில் என்ன காற்று?

மாற்றாதீங்க என்று அன்சாரி சொன்னது நினைவுக்கு வந்து, மறுநாள் பட்டறைக்குப் போனேன். அவன் அன்றைக்குத்தான் காரணத்தைச் சொன்னான். "சிலம்பு சொல்லித்தான் மாத்துனேன் மாமா. பள்ளத்துல மெதுவா போனாலும் அத்தைக்கு இடுப்பு அதிரக் கூடாதுன்னான். ஒங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்" என்றான். பல் கூடினால் வேகம் கூட வேண்டாமா என்று கேட்டேன். பின்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். பின்னால் பல் கூடினால் வேகம் குறையுமாம், இழுவை கூடுமாம், ஆள் நடக்கிற வேகத்தில் போனாலும் வண்டி திணறாதாம். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எனக்கு விளங்கவில்லை.

அது விளங்காவிட்டால் போகட்டும். அம்மா வலியை உன்னிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் ஏன் சொல்லவில்லை? சைக்கிள் கேரியரில் ஆரம்பித்து நாற்பத்தொரு வருஷமாக என் பின்னால் உட்கார்ந்து வருகிறவள். டாக்டர் முன்னாலேயே வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். ஆடி மாதம் நீ ஆட்டோ வைக்கலாம் என்றபோது, "நான் செத்தப்புறம் வச்சுக்க" என்று கத்தினேன். அப்போது அவள் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றதைப் பார்த்தேன். அதனாலா? அன்று என்ன குழம்பு என்பது வரை ஞாபகம் இருக்கிறது, இது மட்டும் பிடிபடவில்லை.

கழற்றிய நாற்பத்தைந்தை அன்சாரியிடம் கொடுத்துவிட்டேன். செயின் இப்போது எட்டாதாம், புதுச் செயின் வந்ததும் திங்கட்கிழமை மாட்டித் தருகிறான். திருடன் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன், என் தப்பென்று அதே நாலு பேர் இருக்கிற நேரம் பார்த்துப் போய்ச் சொல்ல வேண்டும்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அம்மா உன்னிடம் வேறு என்னென்ன சொல்லியிருக்கிறாள் என்று கனிமொழி போனுக்கு எழுது. அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எதையும் விட்டுவிடாதே.

நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பெற்றவள் சொல்லாமலே அவள் வலி உனக்குத் தெரிகிறதோ, சொல்லித்தான் தெரிந்ததோ, எப்படியானாலும் நீ நன்றாக இரு.

உன் அப்பா
உத்திராபதி (கைநாட்டு)

நாளைக்குச் சனிக்கிழமை, ஆஸ்பத்திரி நாள். அன்றைக்கு ஒரு ஆட்டோக்காரர் நம்பர் வைத்திருந்தாயே, அதை உடனே அனுப்பு.