காளான் இடத்துக் களவாணி

கங்காஸ்னியெமி, பின்லாந்து
ஆகஸ்ட் கடைசி

அன்பு மகள் ஹென்னாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், எங்கள் முழங்கால்களைத் தவிர. நீயும் நலம்தானே என்று கேட்க மனம் வரவில்லை. லீவை ரத்து செய்துவிட்டேன், தூக்கத்திலும் கணினித் திரைதான் தெரிகிறது என்று டொராண்டோவிலிருந்து நீயே எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் இங்கே இரண்டு பேருக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அப்பா படகைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார், நான் நூலகம் போவதாகச் சொல்லிவிட்டு, கோட்டுக்குள் வாளியை ஒளித்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். ஆபீஸில் சம்பளக் கணக்குப் போட்டு மண்டை காய்கிற நாளெல்லாம் நான் காட்டுக்குப் போவது உனக்குத் தெரியும், எந்த இடம் என்பதுதான் தெரியாது, நம்மூரில் காளான் இடத்தை யார்தான் வெளியே சொல்வார்கள், கட்டிய புருஷனுக்கே சொன்னதில்லை. மரத்தடிப் பாசியில் குனிந்து நாலு மஞ்சள் காளானை அறுத்தால் போதும், மேலதிகாரியின் முகமே மறந்துபோகும். ஆனால் வருஷா வருஷம் யாரோ எனக்கு முந்திக்கொண்டு பாதியை அறுத்துப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு கௌகோதான் என்று நானே முடிவு கட்டி, பாவம், அந்த மனுஷனிடம் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

அன்று போய்ப் பார்த்தால் என் காளான்மேல் ஒரு ஆள் குனிந்திருக்கிறான், முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிறது, கால்சட்டையில் இருந்த ஒட்டு நான் தைத்தது! நிமிர்ந்து பார்த்த உன் அப்பா, “அடிப்பாவி, நீதானா அந்தத் திருடி? நான் கௌகோவையில்ல சந்தேகப்பட்டேன்!” என்றார். “உங்க படகு இந்தப் பாசியிலதான் மிதக்குதா?” என்று நான் கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இது தன் இடம் என்று அவர் கத்த, நான் கத்த, கத்திக்கொண்டே போட்டிபோட்டு அறுத்ததில் இரண்டு வாளியும் நிரம்பிவிட்டது. பிறகு சிரிப்பு தாங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டோம். திடீரென்று அப்பா, “நம்ம புள்ள இப்படிச் சும்மா மரத்தடியில உக்காந்து எத்தனை நாளாச்சோ” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாயங்காலம் கௌகோவுக்கு ஏலக்காய் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன், எதற்கென்று புரியாமல் மிரண்டுபோய் நின்றார்.

நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம், அந்த இடம் இனி உனக்குத்தான். வேளைக்குச் சாப்பிடு, கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே நட. உடம்பும் மனசும் தெம்பாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். லீவை மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டு செப்டம்பரில் கட்டாயம் வா. நேரில் வந்தால்தான் காட்டுவோம், வழியை எழுதி அனுப்பு என்று மட்டும் கேட்காதே. நம் தபால்காரரும் காளான் பொறுக்குகிறவர்தான்.

உன் அம்மா,
தூலா