ஏழாம் ஏட்டின் சுழி

1884 மார்ச் 3

ஜெர்மனியில் எனக்குத் தெரிந்து, என்னைத் தவிர, பாலி மொழி படித்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. மூத்தவர் பேராசிரியர் லுட்டர்பெக். நான் அவருடைய உதவியாளன்.

இலங்கையிலிருந்து வந்த ஓலைச்சுவடியில், ஏழாம் ஏட்டில், ஓர் எழுத்தை ஒட்டிச் சிறு சுழி இருக்கிறது. சுழி இருந்தால், புத்தர் சொன்ன இறுதி விடுதலையான நிர்வாணம் என்பது முழு இன்மை. இல்லாவிட்டால் வெறும் நிம்மதி. பேராசிரியர் சுழியின் கட்சி. அதன்மேல் நானூறு பக்கம் கட்டியிருக்கிறார். அச்சுக்குப் போகுமுன் சுவடியோடு ஒப்பிட்டு, சரி என்று நான் கையெழுத்திட வேண்டும். இட்டால் எனக்கு விரிவுரையாளர் பதவி.

மார்ச் 4

பதவி வந்தால்தான் ஹெட்விகாவுடன் கல்யாணம். நிச்சயமாகி ஆறு வருடம்.

"உங்க புத்தர் ஆசையை விடச் சொன்னாரு, சரி. எங்கப்பா உங்களையே விடச் சொல்றாரு" என்றாள்.

மார்ச் 9

ஏட்டைச் சன்னலருகே பிடித்தேன். சுழியின் வழியாக எதிரே தேவாலயக் கோபுரம் தெரிந்தது.

எழுத்தின் வழியாகக் கோபுரம் தெரியுமா?

நூலக ஊழியர் டீட்மார் எட்டிப் பார்த்தார். "டாக்டரே, இது புழு அரிச்ச ஓட்டை. எங்க வீட்டு பைபிள்லயும் இருக்கு. நாங்க அதுக்கு அர்த்தம் கேட்டதில்ல."

மார்ச் 10

சொல்லவா? சொன்னா வேலை போச்சு. சொல்லாட்டி — புத்தருக்கு என்ன நஷ்டம்? அவர்தான் முழு இன்மையில இருக்காரே. ஐயோ, அதுதானே இப்பக் கேள்வி!

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

பேராசிரியர் ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் வெளுத்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஓட்டைன்னா என்னய்யா?"

"ஒண்ணுமில்லாத இடம், ஐயா."

"அதைத்தானே நானூறு பக்கமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்! எழுத்துல சொன்னா மறுத்துப் பேசுவானுங்க. இது கண்ணுக்கு முன்னாடி நிக்குது. பின்னிணைப்பு ஒண்ணு எழுதுய்யா, உன் பேர்லயே."

மார்ச் 13

எழுதுகிறேன்.

ஜூன் 20

பதவி வந்துவிட்டது. ஹெட்விகாவின் அப்பா முதல்முறையாகக் கைகுலுக்கினார். இன்று என் முதல் விரிவுரை: 'ஓட்டையின் மெய்ப்பொருள்'. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

சுவடியைத் திருப்பி வைக்கப் போனபோது எட்டாம் ஏட்டில் ஒரு புழு நெளிந்தது.

"நசுக்கிடவா?" என்றார் டீட்மார்.

"வேண்டாம்" என்றேன். சுவடிப் பெட்டியை மெதுவாக மூடினோம்.

கொல்லாமைதான் முதல் ஒழுக்கம். பத்து வருடமாகப் பாலி படிக்கிறேன். புத்தர் சொன்னபடி ஒன்று செய்தது இன்றுதான்.