பச்சை வேட்டித் திரை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மூடுபனி இறங்கி எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை. இன்று வேலை கிடையாது. தற்காலிகக்காரர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான்.

ராணி ஓடி வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, அடுத்த வீடு. மேட்டு பங்களாவில் துணி துவைக்கிறாள். டூரிஸ்ட்டுகளைத் தேயிலைக்குள் கூட்டிப்போய் விளக்கம் சொல்ல அங்கே ஆள் தேடுகிறார்களாம். அவர் பார்த்த வேலை. ஃபேக்டரியில் இருபது வருடம், கடைசி ஆறு வருடம் பங்களாவில். அவர் போய்ப் பத்து மாதம். வந்தவர்கள் யாரும் நிலைக்கவில்லை. விருப்பம் உள்ளவர்கள் இரண்டு நிமிடம் பேசி வீடியோ அனுப்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வரை நேரம். காலேஜ் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அனுப்பப் போகிறார்களாம்.

"மதினி, அண்ணன் பேசுனது பூராவும் உங்களுக்கு மனப்பாடம். வேற யாரு இருக்கா?"

"நான் அஞ்சாங்கிளாஸ்டீ."

"அண்ணன் மட்டும் என்ன வக்கீலுக்கா படிச்சுச்சு?"

கிடைத்தால் சாக்கைத் தலையில் வைத்து மேடு ஏற வேண்டாம். வலது முட்டி இனித் தாங்காது. அது ஒன்று. அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்று பேசுவதை ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டே போக என்னால் ஆகாது. அது இன்னொன்று.

சரி என்று சொல்லிவிட்டேன்.

வெளியே நின்று எடுக்க வழியில்லை. நீட்டிய கை தெரியாத பனி. வீட்டுச் சுவர் முழுக்கப் புகைக்கரி. ராணி போனில் பார்த்து வைத்திருக்கிறாள்: "பச்சைத் துணிக்கு முன்னால நின்னு எடுத்தா, போன் அந்தப் பச்சைய மட்டும் தின்னுரும். அந்த இடத்துல நம்ம மலைய ஒட்டிக்கிடலாம்." தை மாத வெயிலில் எடுத்த மலைப்படம் அவளிடம் இருக்கிறது.

பச்சைத் துணி வேண்டும். பெரிதாக.

ஜூன் 10, செவ்வாய்

வேலை. நனைந்த கொழுந்து, கனம். 41 கிலோ.

துணிக்கடைக்கு இறங்கிப் போக முடியவில்லை. ரோட்டில் மரம் விழுந்து பஸ் இல்லை. வந்து டீ குடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியை இழுத்தேன்.

பழனிக்கு நடந்து போகும்போது அவர் கட்டிய வேட்டிகள். எல்லாம் பச்சை. மாலை போட்டால் அதுதான் உடுப்பு. மாலை கழற்றியதும் தனியாகத் துவைத்து, தனியாக மடித்து வைப்பார். வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்பார். நானும் தொட்டதில்லை. நான்கு இருந்தன. போன அன்று ஒன்றை அவரோடு வைத்து அனுப்பினோம். மற்றதையும் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ராணி பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் ஏசும் மதினி."

"ஏசட்டும். ஏசுனா நல்லதுதானே, கேக்கலாம்."

அவள் எழுந்தாள். மூக்கைச் சிந்திவிட்டு ஊசி எடுத்து வந்தாள்.

ஜூன் 11, புதன்

வேலை. அட்டை இரண்டு இடத்தில் கடி.

வந்து தையல். கத்திரி வைக்கவே இல்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கைத்தையல். வேலை முடிந்தால் நூலைப் பிரித்துப் பழையபடி மடித்து வைத்துவிடலாம். ராணியின் தையல் கோணல், என்னுடையது நேர். சொன்னேன். முகம் தூக்கினாள்.

இரண்டு பக்கம் மூங்கில். மேலே தண்ணீர்க் குழாய்த் துண்டு, அதில் துணியை மடித்து கிளிப். கீழே இரு மூலையிலும் கல் முடிந்து தொங்கவிட்டோம். சுருக்கம் விழுந்தால் அந்த இடம் கறுப்பாகத் தெரியுமாம். செம்பில் வெந்நீர் ஊற்றி அடியால் தேய்த்தேன்.

ராணியை நிறுத்தி எடுத்துப் பார்த்தோம். மலை வந்தது. ஆனால் இடது பக்கம் மட்டும். நடுவிலும் வலத்திலும் வேட்டி வேட்டியாகவே நின்றது. மூன்று வருடத்து வேட்டி, மூன்று விதப் பச்சை. ஒன்று வெளுத்துவிட்டது, ஒன்று கரும்பச்சை, ஒன்று கிளிப்பச்சை. போன் ஒரு பச்சையைத்தான் தின்னும்.

"மலைக்கு நடுவுல அண்ணன் வேட்டி காயுது" என்றாள் ராணி. வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் இப்படிச் சிரித்துப் பத்து மாதம் இருக்கும். சிரித்த பிறகு கொஞ்சம் வெட்கமாக இருந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதே என்று.

ஜூன் 12, வியாழன்

பஸ் விட்டுவிட்டார்கள். வேலை முடிந்து ராணி இறங்கிப் போய்ச் சாயப்பொடி வாங்கி வந்தாள். கிளிப்பச்சை, நான்கு பொட்டலம். உப்பு ஒரு கை.

சாயம் பிடிக்க முதலில் அலச வேண்டும். வாளியில் போட்டதும் திருநீறு வாசனை வந்தது. பன்னீர், சூடம். அப்புறம் அவர் வியர்வை மாதிரி ஒன்று, அல்லது அது என் நினைப்பு. தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. வாசல் செம்பருத்திக்கு ஊற்றினேன்.

பிறகு அடுப்பில் அண்டா வைத்து வேகவிட்டோம். கம்பால் கிண்டினோம். மூன்றும் ஒரே பச்சையாக வந்தது. கண்ணைக் கூசும் பச்சை. காய வைக்க வெயில் ஏது. அடுப்புக்கு மேல் கொடி.

என் கை முழங்கை வரை பச்சை. குழாயடியில் மேரி: "என்ன ஈஸ்வரி, கொழுந்த அரைச்சுக் குடிச்சியா?"

"உனக்கும் ஒரு கிளாஸ் வச்சிருக்கேன், வா."

சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுப் போயிற்று.

ஜூன் 13, வெள்ளி

இன்று, நாளை வேலை இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

வெளிச்சம்:
டியூப்லைட் 2 – கோயில் திருவிழாவுக்குக் கட்டுவது. ராணி கேட்டு வாங்கி வந்தாள். துணிக்கு இரண்டு பக்கமும்.
பல்பு 1 – என் முகத்துக்கு. அதற்கு முன்னால் வெள்ளைத் துண்டு, இல்லாவிட்டால் நெற்றி எரிகிற மாதிரித் தெரிகிறது.
தெர்மோகோல் 1 – மீன்காரர் பெட்டி மூடி. பல்பு வெளிச்சத்தைத் திருப்பி மறு கன்னத்தில் போட. மீன் நாற்றம். வீடியோவில் நாறாது.

முதலில் துணியை ஒட்டி நின்றேன். முகம் பச்சை. பத்து நாள் சீக்காளி மாதிரி. என் நிழலும் துணியில் விழுந்தது. துணியைவிட்டு ஆறடி தள்ளி நில் என்கிறது ராணி பார்த்த வீடியோ. எங்கள் அறையே பத்தடி. கடைசியில் அறையையும் அடுக்களையையும் சேர்த்துக்கொண்டோம். துணி அறைச் சுவரில், நான் நிலைவாசலில், போன் அடுக்களையில் ஆட்டுக்கல் மேல், ராணி விறகுக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவில்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எடுத்தது உதவவில்லை. எல்லா வீட்டிலும் டிவி போட்டதும் கரண்ட் இறங்கி டியூப் துடித்தது, வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடியது. லயத்தில் ஆள் இல்லாத நேரம் பகல்தான். நாளை மதியம் இரண்டு மணிக்கு எடுக்க வேண்டும்.

கரண்ட் இறங்கும் முன் எடுத்தவரை போட்டுப் பார்த்தோம். பின்னால் வெயில் மலை, சுத்தமாக. எனக்கு மெய்சிலிர்த்தது. அவர் பேச்சையே பேசியிருந்தேன். 'வாங்க, வணக்கம், நீங்க காலையில குடிச்ச டீ எங்க பொறந்துச்சு தெரியுமா' என்று தொடங்கி, ஃபேக்டரிக்குள் வாட்டும் தட்டு, உருட்டும் மிஷின், எல்லாம்.

"அண்ணன் பேசுத மாதிரியே பேசுதீங்க மதினி" என்று ராணி கண்ணைத் துடைத்தாள்.

அப்புறம் அவளே, "கையில என்ன வச்சிருக்கீங்க?"

கொழுந்து வைத்திருந்தேன். இரண்டு இலை, ஒரு மொட்டு. வீடியோவில் இல்லை. கொழுந்து இருந்த இடத்தில் மலை. வெறும் காற்றைக் கிள்ளி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

தேயிலையில் பிறந்து தேயிலையில் கிடக்கிறோம். கொழுந்தும் பச்சை என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

ஜூன் 14, சனி

மழை விடவில்லை. கரண்ட் இருக்கிறது.

காலையிலிருந்து ராணியின் யோசனைகள்: கொழுந்துக்குச் சிவப்புச் சாயம். செம்பருத்திப் பூவை வைத்துக்கொண்டு தேயிலை என்று சொல்வது. மழைக்கு இடுப்பில் சுற்றும் நீலப் படுதாவைக் கட்டுவது. படுதாவைக் கட்டியும் பார்த்தோம். பளபளப்பு, டியூப்லைட் இரண்டும் அதில் கோடு கோடாகத் தெரிந்தது.

ஒன்றரை மணி. கஞ்சி குடித்துக்கொண்டே நேற்றைய வீடியோவை மறுபடி பார்த்தேன். பேச்சு அவருடையது. கொழுந்து கிள்ளுவது பற்றி அதில் ஒரே வரி. அவர் ஃபேக்டரிக்காரர், ஒரு நாள்கூடக் கொழுந்து எடுத்ததில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக எடுக்கிறேன். வீடியோவில் பேச்சைவிட என் விரல்தான் நன்றாக இருந்தது.

"ராணி, இதே துணி போதும். எடு."

"கொழுந்து தெரியாதே மதினி."

"தெரிய வேண்டாம்."

நின்றேன். வணக்கம் சொன்னேன். என் பேர் ஈஸ்வரி. என் கையில் கொழுந்து இருக்கிறது, உங்களுக்குத் தெரியாது, பின்னால் கட்டியிருக்கும் துணியும் பச்சை, இதுவும் பச்சை. அதனால் என் விரலைப் பாருங்கள் என்றேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எங்கே பிடிக்க வேண்டும். நகம் படக் கூடாது, பட்டால் கறுக்கும். இழுக்கக் கூடாது, ஒடிக்க வேண்டும். ஒடியும் சத்தம் கேட்டால் இளசு, கேட்காவிட்டால் முற்றல், விட்டுவிட்டுப் போ. மழை நாளில் சத்தம் கேட்காது, விரல்தான் சொல்லும். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கொழுந்துச் சாறு ஏற்றிய கறுப்பையும் போன் பக்கம் நீட்டிக் காட்டினேன். பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்தாலும் அது போகாது. பத்து நாள் நான் போகாமல் இருந்தது ஒரே ஒரு தடவைதான். அதைச் சொல்லவில்லை.

ஒரே தடவையில் முடிந்தது. ராணி போனை அணைக்க மறந்துவிட்டாள்.

மலையை ஒட்டி, 4.20க்கு அனுப்பியாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

டியூப்லைட் இரண்டும் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. திரையை இன்னும் அவிழ்க்கவில்லை. விடிந்து கண் திறந்தால் எதிரில் முழுச் சுவரும் பச்சை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளைக்கு அவிழ்க்கலாம்.

மத்தி மீன் குழம்பு. ராணி இரண்டு தடவை சோறு வாங்கினாள்.

ஜூன் 17, செவ்வாய்

வேலை. 38 கிலோ. எடை போடும் இடத்தில் போன் அடித்தது. பங்களா மேனேஜர், மலையாளி.

"ஈஸ்வரி சேச்சி, வீடியோ கண்டு. கையில் ஒண்ணுமில்லாதே ஒரு மினிட் நோக்கி இருந்நு போயி." வெறும் கையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாராம். சிரித்தார். மற்ற இரண்டு பேரும் நன்றாக இங்கிலீஷ் பேசினார்களாம். வியாழக்கிழமை எட்டரைக்கு வரச் சொன்னார். ஒரு நடை கூட்டிப்போய்க் காட்ட வேண்டும், அதைப் பார்த்துத்தான் முடிவு.

ராணியிடம் சொன்னேன். "பேசிப் பாத்துக்கிடுங்க, அண்ணன் மாதிரி தொடங்குங்க" என்றாள். சரி என்றேன்.

ஜூன் 19, வியாழன்

பனி. மழை இல்லை.

கோயம்புத்தூர்க்காரர்கள் ஐந்து பேர். மேனேஜர் பின்னால் குடையோடு. என் வீட்டுக்காரர் தொடங்கும் வரி வாய்வரை வந்தது, அப்படியே நின்றுவிட்டது. பேசாமல் முன் வரிசைச் செடியில் ஒரு கொழுந்தை ஒடித்து, ஒரு பெண்ணின் கையில் வைத்தேன். இனி நீங்கள் ஒன்று ஒடியுங்கள் என்றேன். முற்றல் இலையைப் பிடித்து இழுத்தாள், கிளையே வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும். அவள் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். பட்டென்று ஒடிந்தது.

"ஏனுங்க, சத்தம் கேட்டுச்சுங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அப்புறம் ஒருவரும் வரிசையைவிட்டு வரமாட்டேன் என்கிறார்கள். முக்கால் மணி நேரம். ஃபேக்டரி பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது அவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. மேனேஜரிடம் சொன்னேன். அது நாளைக்குச் சொல்லலாம் சேச்சி என்றார்.

நாளைக்கும் எட்டரை. செருப்பு வார் அறுந்துவிட்டது, தைக்க வேண்டும்.