ரெக்ஸின் பையின் இரண்டாவது சாவி

1963, ஆடி 7. இரவு.

சீசன் முடியும்வரை தென்காசி பஸ்ஸில் இதே பாடுதான். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்தோடு சாய்ந்து என் துணிப்பையை நாசமாக்குகிறார்கள். அதனால் இன்று ஆபீஸ் விட்டு வரும்போது குற்றாலத்தில் ஒரு சீசன் கடையில் ரெக்ஸின் கைப்பை வாங்கினேன். மலிவுதான், ஆனால் சின்னப் பூட்டு இருக்கிறது. இந்த வீட்டில் நான் பூட்டிக்கொள்ள ஒரு பொருள் என்று வழியெல்லாம் சந்தோஷப்பட்டேன்.

மாமியார் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. சாவியைக் கொண்டா."

பீரோ, அரிசிப் பெட்டி, எல்லாச் சாவியும் அவர் இடுப்புக் கொத்தில்தான்.

"இது ஆபீஸுக்குக் கொண்டு போற பைல்லா அத்தை?"

"அதுக்கென்னட்டி? காலையில கேளு, தொறந்து தாரேன். இந்த வீட்டுல சாவி தனியா கெடந்ததே கெடையாது."

குரலில் கோபமே இல்லை. சாவியைக் கொத்தில் கோத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

கடைக்காரன் இரண்டு சாவி கொடுத்திருந்தான். மற்றது என் முந்தானை முடிச்சில் இருந்தது. அவருக்கு அது தெரியாது. கேட்கவும் இல்லை.

எனக்கு என்ன கேடோ, பின்னாலேயே போய், முடிச்சை அவிழ்த்து, அதையும் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.