ஆறு மாதத்தில் கரைவது

லிங்கராஜபுரம்,
12 ஆகஸ்ட் 2004

அன்புள்ள பெர்னி,

வேலூரில் அம்மா வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைக்கிறேன். நான் தினமும் ஆய்வகத்துக்குப் போகிறேன், வருகிறேன்.

இன்று குழந்தைகளின் மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்டுக்கு பாலிமர் தேர்ந்தெடுத்தோம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஆறு மாதத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். மற்றது இரண்டு வருடம் நிற்கும். எல்லோரும் இரண்டாவதைத்தான் கேட்டார்கள்.

"ஸ்ட்ராங்கா இருக்கே சார், அதுல என்ன ப்ராப்ளம்?" என்றாள் தாரணி. போன வாரம்தான் சேர்ந்தவள்.

"குழந்தை வளரும்மா, குழாய் வளராது. எட்டு மாசத்துல மூச்சு இறுக ஆரம்பிச்சிடும்."

"எட்டு மாசம்னு எந்தப் பேப்பர்ல சார் வந்திருக்கு?"

மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறு மாதத்தில் கரைவதையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மதியம் சாப்பிட்டேன். அழுகை எதுவும் வரவில்லை.

நம் குட்டி ரோஷனுக்கு மூச்சுக்குழாயில் வைத்த உலோகக் குழாயை அன்று நீ வேண்டாம் என்றாய். இந்தத் துறையில் இருக்கும் எனக்குத் தெரியாதா என்று சொல்லி, ஆஸ்பத்திரி படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களிடம் இருவரும் சேர்ந்து முடிவெடுத்ததாகச் சொன்னேன். நீ என்னைத் திருத்தவில்லை.

அது பொய் என்று நேற்று உன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

உன் கணவன்