உச்சியிலிருந்து எடுத்த அளவு

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் வீட்டில் எட்டு வருடம் வளர்ந்தவள் எழுதுவது. நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள், தையல் மெஷினும் மக்கர் செய்யாமல் ஓடும் என்று நம்புகிறேன்.

அம்மா அப்பாவிடம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நாலு பேருக்கும் ஒரே அறை. தக்காளி முடிந்தால் ஆப்பிள், ஆப்பிள் முடிந்தால் முட்டைக்கோஸ் என்று பண்ணைக்குப் பண்ணை மூட்டை கட்டுகிறோம். பள்ளி விட்டதும் நானும் பறிக்கப் போகிறேன். முதுகு விண்விண்ணென்று தெறிக்கிறது. அது பழகிவிடும்.

பழகாதது தங்கச்சிதான். இங்கேயே பிறந்த ஏழு வயது வாயாடி. மேஸ்திரி பேசும் இந்த ஊர்ப் பாஷை வீட்டில் அவளுக்குத்தான் முழுதாகப் புரியும். அப்பாவே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார். பள்ளியிலும் டீச்சர் என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவளைக் கூட்டி வருகிறார். வயிறு வலிக்கிறது என்று நான் சொல்ல, அவள் என்ன சொன்னாளோ, வகுப்பே சிரித்தது.

அம்மா அவளை நாளுக்குப் பத்து தடவை திட்டுகிறாள். என்னிடம் மட்டும் விருந்தாளியிடம் கேட்பதுபோல், போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கவா என்கிறாள். தட்டை உடைத்தபோதுகூட, பரவாயில்லைம்மா என்றுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, சித்தி. பொறாமைதான், மறைக்கவில்லை.

போன வாரம் மூட்டை கட்டும்போது பெட்டியில் ஒரு கயிறு கிடைத்தது. தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டும் கயிறு, அதில் ஏழு முடிச்சு. வருடா வருடம் தன் உயரத்துக்கு அம்மா போட்டது என்றாள் தங்கச்சி. சுவரில் கோடு போட்டால் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியாதாம். எனக்கு எங்கே என்று நான் கேட்கவில்லை. அதை நாலு துண்டாக வெட்டிப் படுக்கைகளைக் கட்டிவிட்டேன். அம்மாவிடம் தெரியாமல் செய்தேன் என்றேன். தெரிந்துதான் செய்தேன்.

அம்மா திட்டினாள். கழுதை, உடம்பெல்லாம் கொழுப்பு என்று பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்க்கும்படி திட்டினாள். எனக்கு அழுகை வந்தது, ஆனால் பிடித்திருந்தது. பிறகு பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே எட்டுத் துணி நாடாக்கள், ஒன்றைவிட ஒன்று நீளமாக. ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் வயது, உங்கள் கையெழுத்தில். பிறந்தநாள் சட்டைக்கு என்று வருடா வருடம் என்னைக் கதவோடு நிறுத்தி அளப்பீர்களே. சட்டைக்கு எதற்கு உச்சியிலிருந்து அளவு என்று கேட்டால், வாயை மூடிக்கிட்டு நேரா நில்லுடி என்பீர்கள். கடைசி நாடாவைக் காலடியிலிருந்து பிடித்துப் பார்த்தேன். என் புருவம் வரைதான் வருகிறது.

தங்கச்சியின் கயிற்றை நானே முடிந்து கொடுத்தேன். ஏழு முடிச்சு பத்தாகிவிட்டது. தனக்குப் பத்து வயது என்று இப்போது எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள்.

அம்மாவிடம் கேட்க எனக்கு முகமில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்த நாடாக்களை அம்மா கேட்டு அனுப்பினீர்களா, நீங்களாகவே அனுப்பினீர்களா? உடனே பதில் போடுங்கள். நீங்களாகவே அனுப்பியிருந்தாலும், அம்மா கேட்டாள் என்றே எழுதுங்கள், சித்தி.

இப்படிக்கு,
இந்த வீட்டு மூத்தவள்