அணைக்கும் பொத்தான் யார் கையில்

ஜூன் 3, செவ்வாய்

வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த வங்கிக்காரர் இன்று நேராகச் சுவரைப் பார்த்து விட்டுவிட்டார். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். பயிற்சி வண்டியில் எனக்கென்று ஒரு பிரேக் இருப்பதால்தான் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் முழுசாக இருக்கிறேன். "உங்களுக்குப் பயமே கிடையாதா மேடம்?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன். என் பயம் வீட்டில் இருக்கிறது. அதற்குப் பதின்மூன்று வயது, பெயர் வாலு. வயிற்றில் இருந்தபோது உதைத்த உதைக்கு அவள் அப்பா வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். வலிப்பு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு கைப்பட்டை செய்கிறார்களாம். தூக்கத்தில் வலிப்பு வந்தால் பெற்றோர் அறையில் மணி அடிக்கும். அந்த ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்று பிள்ளைகளையே உட்காரவைத்துக் கேட்கப் போகிறார்கள். நோயாளியாக இல்லை, கூட்டாளியாக வரச் சொல்கிறார்கள். இவளையா? தலை வாரச் சொன்னாலே பதில் வர அரை நாள் ஆகும்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தூக்கத்தில் வலிப்பு வரும் பிள்ளைகளில் ஓரிருவர் எழுந்திருக்காமலே போவதுண்டு. அபூர்வம்தான் என்றார். அபூர்வம் என்றால் இல்லை என்றா அர்த்தம்?

அன்றிலிருந்து இரவில் அவள் கதவைத் திறந்து பார்க்கிறேன். போர்வைக்கு வெளியே நீட்டிய காலில் பெருவிரல் லேசாக அசையும். அதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

ஜூன் 7, சனி

முதல் கூட்டம். ஆராய்ச்சி டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்: "பெத்தவங்க பின்வரிசையில உட்காரலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது."

மேஜையைச் சுற்றி ஆறு பிள்ளைகள். பட்டை வியர்வையில் நாறும் என்றது ஒன்று. பள்ளியில் சிரிப்பார்கள் என்றது இன்னொன்று. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு வாலு, "மணியை அணைக்கிற பொத்தான் எங்க கையில இருக்கணும்" என்றாள்.

மணி எதற்கு? நான் ஓடி வரத்தானே?

வரும் வழியில் பிடித்துக்கொண்டேன். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருடி பாக்குறது?"

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "உன் வண்டியில உனக்கு ஒரு பிரேக் இருக்கு, சரி. கத்துக்கிறவங்க கால்கிட்டயும் ஒண்ணு இருக்குல்லம்மா?"

கோபம்தான் வந்தது.

ஜூன் 11, புதன்

குழுவிலிருந்து அவளை நிறுத்திவிடலாமா? இவரிடம் கேட்டேன். "அவ பேசட்டும் விடு" என்று திரும்பிப் படுத்தவர் அடுத்த நொடி குறட்டை. வீடு இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்காத மனுஷன். இரண்டு பேரின் பயத்தையும் நான் ஒருத்தியே படுகிறேன்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

"பொத்தான் எதுக்கு வேணும்னு சொல்லு" என்று டாக்டரம்மா கேட்டார். வாலு என் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்மா ராத்திரி வந்து வந்து பாப்பாங்க. கதவு சத்தம் கேட்டதும் நான் கால் விரலை ஆட்டுவேன். ஆட்டலைன்னா பயந்துடுவாங்க. அவங்க திரும்ப வருவாங்கல்ல, அதனால தூங்காம காத்துட்டு இருப்பேன்."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "தூக்கம் கெட்டா வலிப்பு கூடுமேம்மா."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். பட்டை முதல்ல எங்க கையில மட்டும் அதிரட்டும். சும்மா புரண்டிருந்தா நாங்களே அணைச்சிடுவோம். நிஜ வலிப்புன்னா எங்களால அணைக்க முடியாது, அப்ப அம்மாகிட்ட அடிக்கட்டும். இன்னொண்ணு. வலிப்பை மட்டும் எண்ணாதீங்க. எத்தனை தடவை எங்களை எழுப்புறாங்கன்னும் எண்ணுங்க."

மற்ற ஐந்து பிள்ளைகளும் தலையாட்டினார்கள். பின்வரிசையில் யாருக்கும் தலை நிமிரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

நான்தானா? ஐயோ, எம் புள்ளைக்கு நானேவா? அவ சாகக் கூடாதுன்னு தானே போய்ப் பாத்தேன்... போன மாசம் வந்த வலிப்பெல்லாம் — எத்தனை என்னால வந்துச்சு?

ஜூலை 12, சனி

பிள்ளைகள் சொன்னபடியே பட்டையை மாற்றிவிட்டார்கள். இரவில் யாராவது எழுப்பினார்களா என்று பிள்ளைகள் தினமும் காலையில் டாக்டரம்மாவுக்கு எழுதி அனுப்ப வேண்டும். இன்றிலிருந்து வாலு கையில் அது இருக்கிறது. கட்டிக்கொண்டதும் என்னைப் பார்த்தாள். "மணி அடிச்சா வா. அடிக்கலைன்னா வராத. சரியா?"

சரி என்றேன். சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

போகவில்லை. கட்டிலின் கால்பக்கத்துப் பலகையைப் பிரேக்கை மிதிப்பதுபோல விடியும் வரை மிதித்துக்கொண்டே கிடந்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

ஜூலை 17, வியாழன்

விடியற்காலையில் மணி அடித்தது. நிஜம்தான். ஓடினேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் கையைக் கொடுத்து, நிற்கும்வரை அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இது எத்தனையாவது தடவையாக இருந்தாலும் பழகவில்லை, பழகாது.

கண் விழித்தவள், "மணி அடிச்சுதா?" என்றாள்.

"அடிச்சுதுடி கண்ணு."

"அப்ப வேலை செய்யுது" என்று திரும்பிப் படுத்துவிட்டாள். நான் நடையில் உட்கார்ந்து அழுதேன். வேலை செய்யாமல் போகும் நாள் ஒன்று வந்தால்?

ஜூலை 18, வெள்ளி

கதவைத் திறந்துவிடுவேன் போலிருக்கிறது. கடவுளே, திறக்கக் கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

நேற்று இரவு முடியவில்லை. திறந்துவிட்டேன்.

கால் போர்வைக்கு வெளியேதான் இருந்தது. விரல் அசையவில்லை. நின்றேன். அப்போதும் அசையவில்லை. தொட்டுவிடக் கை நீண்டது. தொட்டால் எழுந்துவிடுவாள். தொடாவிட்டால்... சுவரைப் பிடித்துக்கொண்டு போர்வையையே பார்த்தேன். மார்புக்கு மேலே துணி மெல்ல ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றாள். "ராத்திரி வந்தியாம்மா?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியலையே. தூங்கிட்டேன்."

வாய் கொப்பளித்துவிட்டுப் போனை எடுத்தாள். "யாரும் எழுப்பலைன்னு டாக்டருக்கு அனுப்பிடறேன்."